டூ-ஸ்ட்ரோக் ஸ்னோ புளோவர் வாங்கலாமா? முதலில் பெட்ரோல் கேனைக் காட்டச் சொல்லுங்கள்

கேள்வி இதுதான்: டொராண்டோவுக்குப் பக்கத்தில் அஜாக்ஸில் புது வீடு. இரண்டு கார் நிற்கும் டிரைவ்வே. போன பனிக்காலம் முழுக்க ஷவலால் அள்ளி இடுப்பு போய்விட்டது. பக்கத்துத் தெருவில் ஒருவர் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் உள்ள பழைய டோரோ ஸ்னோ புளோவரை (பனியை வாரி எறியும் மெஷின்) 200 டாலருக்குத் தருகிறார். டூ-ஸ்ட்ரோக் என்றால் சக்தி அதிகம், எடை குறைவு என்கிறார்கள். டூ-ஸ்டேஜ்தான் நல்லது என்றும் சொல்கிறார்கள். எதை வாங்குவது?

சுருக்கமான பதில், தம்பி: உங்கள் டிரைவ்வேக்கு அந்த வகை மெஷின் போதும். 200 டாலர் அநியாய விலையும் இல்லை. பிராண்டையும் குதிரைத்திறனையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த மனிதர் இத்தனை வருஷமும் அதில் என்ன ஊற்றினார் என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். இருபது வருஷத்துக்கு மேலாகக் கராஜில் இந்தச் சின்ன எஞ்சின்களோடு மல்லுக்கட்டுகிறவன் நான். வேலை வேறு, இது பொழுதுபோக்கு. என் மனைவி இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்.

உங்கள் கேள்வியில் இரண்டு விஷயம் சிக்கிக் கிடக்கிறது. ஸ்ட்ரோக் வேறு, ஸ்டேஜ் வேறு. ஸ்ட்ரோக் என்பது எஞ்சினைப் பற்றியது. பிஸ்டன் ஒரு தடவை ஏறி இறங்கினாலே ஒரு வெடிப்பு நடந்துவிட்டால் அது டூ-ஸ்ட்ரோக். இரண்டு தடவை ஏறி இறங்கினால்தான் ஒரு வெடிப்பு என்றால் ஃபோர்-ஸ்ட்ரோக். ஸ்டேஜ் என்பது பனியை எறியும் விதத்தைப் பற்றியது. சிங்கிள்-ஸ்டேஜில் ஒரே சுழலி. அதன் ரப்பர் துடுப்புகள் தரையைத் தேய்த்துக்கொண்டே பனியை வாரி, அதே வேகத்தில் ஷூட் என்ற குழாய் வழியாக எறிந்துவிடும். டூ-ஸ்டேஜில் முன்னால் உள்ள இரும்புத் திருகு பனியை உடைத்து நடுவுக்குத் தள்ளும். பின்னால் உள்ள விசிறி அதை வாங்கி வெளியே வீசும். சந்தையில் கிடைக்கும் டூ-ஸ்ட்ரோக் ஸ்னோ புளோவர்கள் ஏறக்குறைய எல்லாமே சிங்கிள்-ஸ்டேஜ். டூ-ஸ்டேஜ் மெஷின்கள் ஏறக்குறைய எல்லாமே ஃபோர்-ஸ்ட்ரோக். விளம்பரத்தில் 'டூ-ஸ்டேஜ், டூ-ஸ்ட்ரோக்' என்று இரண்டும் சேர்ந்து வந்தால் எழுதியவருக்குத் தன் மெஷினைப் பற்றித் தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். தெரியாதவர் அதில் எதையும் ஊற்றியிருப்பார்.

ஆகவே எஞ்சினுக்குப் போகுமுன் டிரைவ்வேயைப் பார்ப்போம். டொராண்டோப் பக்கம் ஆண்டுக்கு ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே பனி விழும். அதுவும் ஒரே நாளில் இல்லை. ஐந்து சென்டிமீட்டர், பத்து சென்டிமீட்டர் என்று தவணையில் வரும். சிங்கிள்-ஸ்டேஜ் மெஷினுக்கு இதுதான் அளவான தீனி. பதினைந்து, இருபது சென்டிமீட்டர் வரை முனகாமல் வாரும். அதற்கு மேல் கொட்டினால் முழுதும் நிற்கும்வரை காத்திருக்காமல் நடுவில் ஒரு தடவை, முடிவில் ஒரு தடவை என்று தள்ள வேண்டும். 2022 ஜனவரி 17ஆம் தேதிப் புயலில் நகரின் சில பகுதிகளில் அரை மீட்டர் வரை கொட்டியது நினைவிருக்கலாம். அன்று நான் மூன்று தடவை வெளியே போனேன். அப்படிப்பட்ட நாள் சில வருஷத்துக்கு ஒரு தடவை வரும். அதற்காகத் தொண்ணூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள டூ-ஸ்டேஜை வாங்கிக் கராஜில் ஒரு காருக்கான இடத்தில் பாதியைத் தாரை வார்க்க வேண்டாம். நீங்கள் வடக்கே பேரி நகரப் பக்கம் இருந்திருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன். ஹியூரன் ஏரிப் பக்கமிருந்து வரும் ஏரிப் பனி அங்கே ஆண்டுக்கு இரண்டு மீட்டரையும் தாண்டவைக்கும்.

இரண்டாவது, தரை. தார் அல்லது கான்கிரீட் என்றால் சரி. ஜல்லி போட்ட டிரைவ்வேயில் சிங்கிள்-ஸ்டேஜை இறக்கவே கூடாது. துடுப்பு தரையைத் தேய்ப்பதால் பனியோடு கல்லையும் வாரிப் பக்கத்து வீட்டு ஜன்னலில் எறியும். டூ-ஸ்டேஜில் இருபுறமும் உள்ள சறுக்குக் கட்டைகளால் வாயைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கி வைக்க முடியும்; அதனால் அது தப்பிக்கும்.

மூன்றாவது, வரப்பு. தெருப் பனியை ஒதுக்கும் பிளோ லாரி போனபின் டிரைவ்வே வாயில் வயல் வரப்பு மாதிரி ஒன்றை விட்டுப் போகும் பாருங்கள், அதுதான். உப்பும் நீரும் கலந்து, இரவில் உறைந்து, செங்கல் அடுக்கியது போல இருக்கும். சிங்கிள்-ஸ்டேஜுக்கு இதுதான் சோதனை. உறைவதற்கு முன் போனால் தின்றுவிடும். காலையில் பார்க்கலாம் என்று விட்டால் ஷவலின் விளிம்பால் குத்தி உடைத்து, கட்டி கட்டியாக ஊட்ட வேண்டியிருக்கும். இதில் டூ-ஸ்ட்ரோக் கொஞ்சம் நன்றாகவே நிற்கும் என்பது என் அனுபவம். பாரம் ஏறும்போது குரல் இறங்கும், ஆனால் சட்டென்று அணையாது.

சரி, எஞ்சினுக்கு வருவோம். ஊரில் பழைய ஸ்கூட்டரோ டிவிஎஸ் 50-ஓ ஓட்டியவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. பங்கில் பெட்ரோலோடு டூ-டி ஆயிலும் விட்டுக்கொண்ட காலம், பின்னால் நீலப் புகை, அந்த வாசனை. அதே எஞ்சின்தான் இது. வால்வு இல்லை, கேம் இல்லை, அடியில் எண்ணெய்த் தொட்டியும் இல்லை. பெட்ரோலில் கலந்த எண்ணெய் கிராங்க் அறை வழியாகப் போகும்போது பேரிங்கையும் பிஸ்டனையும் நனைத்துவிட்டு, கடைசியில் தானும் எரிந்துபோகும். எண்ணெய் மாற்றும் வேலை கிடையாது. மெஷினைச் சாய்த்து வைக்கலாம், காரில் படுக்கப்போட்டுக் கொண்டுபோகலாம். மைனஸ் இருபதில் ஃபோர்-ஸ்ட்ரோக்கின் அடியில் இருக்கும் எண்ணெய் பாகு போலக் கெட்டியாகிக் கயிற்றை இழுக்கும் தோளைப் பிடித்து நிறுத்தும். இதில் அந்தத் தொல்லை இல்லை. எடை 30, 35 கிலோதான். படியில் தூக்கி இறக்கலாம். உங்கள் இடுப்பு நிலைமைக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பிறகு ஏன் கடையில் புதிதாகக் கிடைப்பதில்லை? புகை. டூ-ஸ்ட்ரோக்கில் புதுக் கலவை உள்ளே வரும் துவாரமும் எரிந்த புகை போகும் துவாரமும் ஒரே நேரத்தில் கொஞ்ச நேரம் திறந்திருக்கும். அந்த இடைவெளியில் எரியாத பெட்ரோலில் ஒரு பங்கு அப்படியே சைலன்சர் வழியாக ஓடிவிடும். காசும் நட்டம், காற்றும் கெடும். அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1990களிலிருந்து சின்ன எஞ்சின்களின் புகைக்கு வரம்பு கட்டிப் படிப்படியாக இறுக்கிக்கொண்டே வந்தது. பனிக்கால மெஷின்களுக்கு அதில் சில சலுகைகள் இருந்தாலும், 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெரிய கம்பெனிகள் ஃபோர்-ஸ்ட்ரோக்குக்கு மாறிவிட்டன. ஆகவே இன்று உங்கள் கண்ணில் படும் எந்த டூ-ஸ்ட்ரோக் ஸ்னோ புளோவரும் குறைந்தது பத்துப் பன்னிரண்டு வயதானது. பல இருபதைத் தாண்டியவை.

கையில் அதிகம் மாட்டுவது டோரோதான். சிசிஆர் 2000 வரிசையில் சுசுகி எஞ்சின் வைத்தவை உண்டு. கிழம்தான், ஆனால் எனக்கு மிகவும் பிடித்தவை. பின்னால் வந்த சிசிஆர் 2450, 3650 ஆகியவற்றில் டோரோவின் ஆர்-டெக் எஞ்சின், 141 சிசி. துடுப்பு வளைவாக இருப்பதால் ஈரப்பனியிலும் அதிகம் அடைக்காது. ஏரியன்ஸ் உட்படப் பல பெயர்களில் வந்த மெஷின்களில் டெகும்சே எஞ்சின் இருக்கும். டெகும்சே 2008 இறுதியோடு எஞ்சின் செய்வதை நிறுத்திக்கொண்டது. ஆனாலும் கார்புரேட்டர், ஸ்டார்ட் செய்யுமுன் அமுக்கும் பிரைமர் பல்ப், கயிறு போன்ற சில்லறைப் பாகங்கள் வேறு ஆட்கள் செய்து இன்னும் கிடைக்கின்றன. பிஸ்டன், சிலிண்டர் போனால் தேடாதீர்கள். மெஷினின் விலையைவிட அதிகமாகும். இந்தப் பெயர்களுக்கிடையில் எது சிறந்தது என்று மணிக்கணக்கில் வாதிடுகிறவர்கள் உண்டு. நான் வாதிடுவதில்லை. ஒழுங்காக வைத்திருந்த சாதாரண மெஷின், பாழாக்கிய உயர்ந்த மெஷினைவிட மேல்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், என் முதல் டூ-ஸ்ட்ரோக்கை மூன்றாவது குளிர்காலத்தில் என் மச்சான் கொன்றான். நல்ல மனசோடுதான். நான் இரவு வேலையில் இருந்தேன். வீட்டில் காரை எடுக்க முடியவில்லை என்று அவன் வந்து தள்ளிக் கொடுத்தான். டாங்கில் பெட்ரோல் குறைவு என்று பார்த்து, புல் வெட்டும் மெஷினுக்கு வைத்திருந்த கேனை எடுத்து ஊற்றிவிட்டான். அதில் எண்ணெய் இல்லை. கால் மணி நேரம் அருமையாக ஓடியதாம். வழக்கத்தைவிடப் புகைகூடக் குறைவாம். பிறகு குரல் மாறி, வேகம் குறைந்து, நின்றது. அப்புறம் கயிறு அசையவே இல்லை. எண்ணெய் இல்லாமல் சூடேறிய பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டது. ஃபோர்-ஸ்ட்ரோக்கில் தப்பித்தவறிக் கலவையை ஊற்றினால் கொஞ்சம் புகையும், அவ்வளவுதான். மாற்றி ஊற்றினால் பிழைக்காது. நடுவில் இன்னொரு நிலைமையும் உண்டு. பாதி டாங்க் கலவை இருக்கும்போது மேலே வெறும் பெட்ரோல் ஊற்றியிருப்பார்கள். எஞ்சின் சாகாது, ஆனால் பிஸ்டனில் நெட்டு நெட்டாகக் கீறல் விழுந்திருக்கும். வெளியே பளபளவென்று துடைத்து, 'நன்றாக ஓடுகிறது' என்று விற்பார்கள். ஓடும்தான், ஒரு குளிர்காலத்துக்கு.

ஆகவே பார்க்கப் போகும்போது இப்படிச் செய்யுங்கள். 'நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்' என்று முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் பேச்சோடு பேச்சாகச் சைலன்சர் மூடியில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் அவர் ஏற்கெனவே போராடி எழுப்பி வைத்திருக்கிறார். இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பலாம். குளிர்ந்திருந்தால் நல்லது. முதலில் ஸ்டார்ட் செய்யாமல் கயிற்றை மெதுவாக இழுங்கள். ஓரிடத்தில் எதிர்த்து நின்று, பிறகு விட்டுக்கொடுக்க வேண்டும். எந்த எதிர்ப்பும் இல்லாமல் கிணற்றுக் கயிறு போல வழுக்கிக்கொண்டு வந்தால் அழுத்தம் போய்விட்டது. அழுத்தமானி வைத்திருக்கும் நண்பர் யாராவது இருந்தால் கூட்டிப் போங்கள். பிளக்கைக் கழற்றி அதை மாட்டி நாலைந்து இழுப்பு இழுத்தால் போதும். 100 பிஎஸ்ஐக்கு மேல் காட்டினால் எனக்கு நிம்மதி. 80க்குக் கீழே என்றால் இலவசமாகத் தந்தாலும் யோசிப்பேன்.

கழற்றிய பிளக்கையும் பாருங்கள். காப்பித்தூள் நிறத்தில், கொஞ்சம் எண்ணெய்ப் பசையோடு இருப்பது ஆரோக்கியம். சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் எண்ணெயோ பெட்ரோலோ போதாமல் சூடாக ஓடியிருக்கிறது. விற்பவர் சம்மதித்தால் சைலன்சரைக் கழற்றி டார்ச் அடித்துப் புகைத் துவாரம் வழியாகப் பிஸ்டனின் பக்கவாட்டைப் பாருங்கள். அதைவிட நேர்மையான சாட்சி இந்த மெஷினில் வேறில்லை. வழவழவென்றிருந்தால் பையில் இருக்கும் 200 டாலரை எடுக்கலாம். நெடுக்குக் கோடுகள் இருந்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம். பெரும்பாலான விற்பனையாளர்கள் இதற்குச் சம்மதிக்க மாட்டார்கள், அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது.

அப்படியென்றால் டாங்கைப் பாருங்கள். டூ-ஸ்ட்ரோக் எண்ணெயில் பெரும்பாலும் நீலமோ பச்சையோ சிவப்போ சாயம் சேர்த்திருப்பார்கள், கலந்தது தெரியட்டும் என்று. நிறம் பழசாகி மங்கியிருந்தால் வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். வெறும் பெட்ரோல் ஆவியாகிச் சுவடில்லாமல் போகும். கலவை வடைத்தாள் மாதிரி எண்ணெய்க் கறை விட்டுவைக்கும். கூடவே சாதாரணமாகக் கேளுங்கள்: 'அண்ணே, இதுக்கு என்ன கணக்கில கலப்பீங்க?' யோசிக்காமல் 'ஐம்பதுக்கு ஒன்று' என்று சொல்லி, கராஜ் மூலையிலிருந்து பெயர் எழுதி வைத்த தனிக் கேனைக் காட்டுகிறவரிடம் பேரம் பேசாமல்கூட வாங்கலாம். 'கலக்கணுமா?' என்று திருப்பிக் கேட்டால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

இவ்வளவும் தேறினால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். சோக் போட்டு, பிரைமரை இரண்டு மூன்று தடவை அமுக்கி, நாலைந்து இழுப்புக்குள் எழ வேண்டும். ஆரம்பத்தில் நீலப் புகை வருவது இயல்பு; ஒரு நிமிஷத்தில் குறைய வேண்டும். சூடான பிறகும் சத்தம் ஏறி இறங்கி அலைந்துகொண்டிருந்தால் கார்புரேட்டரில் அழுக்கு இருக்கலாம். அது ஒரு சனிக்கிழமை வேலை. ஆனால் கிராங்க் சீல் கசிந்து காற்றை உறிஞ்சினாலும் இதே மாதிரிதான் கேட்கும். அது சின்ன வேலை இல்லை. வெளியிலிருந்து இரண்டையும் பிரித்துச் சொல்வது எனக்கே சிரமம். அதனால் அலையும் எஞ்சினுக்கு நான் பாதி விலைக்கு மேல் பேசுவதில்லை.

மற்றவை எல்லாம் சில்லறை. துடுப்பு ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம். டோரோவின் துடுப்பில் தேய்மானம் காட்டவென்றே ஒரு துளை உண்டு. அடியில் இருக்கும் சுரண்டு பட்டை, பெல்ட், கைப்பிடிக் கம்பி, காய்ந்து வெடித்த பெட்ரோல் குழாய் எல்லாமே வாங்கி மாட்டக்கூடியவை. இவற்றைக் காட்டி முப்பது, நாற்பது டாலர் குறைக்கச் சொல்லலாம்.

வாங்கிய பிறகு உங்கள் பங்குக்கு ஒரே ஒழுங்குதான், கலவை. கணக்கு மெஷினின் மூடியிலோ கையேட்டிலோ இருக்கும். டோரோவின் மேலே சொன்ன மெஷின்களுக்கு 50:1, அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி எண்ணெய், ஐந்து லிட்டருக்கு 100 மில்லி. 40:1 கேட்டால் ஐந்து லிட்டருக்கு 125. 32:1 கேட்கும் பழைய மெஷினுக்குச் சுமார் 156. ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்கக் கையேடுகள் கேலன் கணக்கில் சொல்லும். அவர்கள் கேலன் 3.78 லிட்டர், இங்கே பழைய ஆட்கள் சொல்லும் கேலன் 4.54 லிட்டர். கேலனை மறந்துவிட்டு லிட்டரிலேயே கலந்துகொள்ளுங்கள். கேனில் முதலில் பாதிப் பெட்ரோல், பிறகு எண்ணெய், ஒரு குலுக்கு, பிறகு மீதிப் பெட்ரோல், இன்னொரு குலுக்கு. குளிரில் எண்ணெய் அடியில் தங்கப் பார்க்கும். ஒவ்வொரு தடவை ஊற்றுமுன்னும் கேனைக் குலுக்குங்கள். கேனில் சிவப்பு டேப் சுற்றி 'ஸ்னோ மட்டும்' என்று தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். மச்சானுக்காக.

நிறையக் கலந்து வைக்காதீர்கள். இங்கே சாதாரணப் பெட்ரோலில் சுமார் பத்து விழுக்காடு எத்தனால் இருக்கிறது. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். நாளாக ஆகக் கார்புரேட்டரின் சின்னத் துவாரங்களை அடைக்கும். ஒரு மாதத்துக்குத் தேவையானதை மட்டும் கலந்து, பெட்ரோல் சீக்கிரம் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் கொஞ்சம் சேருங்கள். ஏப்ரலில் டாங்கைக் காலி செய்து, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு மூடி வையுங்கள். 'போன வருஷம் நன்றாக ஓடியது, இந்த வருஷம் எழவில்லை' என்று என்னிடம் வரும் மெஷின்களில் முக்கால்வாசி இந்த ஏப்ரல் வேலையைச் செய்யாததால் வந்தவை.

இதெல்லாம் தலைவலி என்று தோன்றினால் அதுவும் நியாயம்தான். கேன், கணக்கு, குலுக்கல் எதிலும் பிடிப்பு இல்லாதவர் பாட்டரி மெஷின் வாங்குவதே நல்லது. பாட்டரியை மட்டும் வீட்டுக்குள் சூட்டில் வைத்திருக்க வேண்டும். ஃபோர்-ஸ்ட்ரோக் சிங்கிள்-ஸ்டேஜும் நல்ல தேர்வு. எடை கொஞ்சம் கூட, ஆனால் புல் வெட்டும் மெஷினின் கேனையே இதற்கும் பயன்படுத்தலாம். இரண்டும் புதிதாக வாங்கினால் 200 டாலரில் முடியாது.

ஒன்றை மட்டும் மறக்காமல் சொல்லிவிடுகிறேன். ஷூட் அடைத்தால் கையை விடாதீர்கள். எஞ்சினை அணைத்து, சுழலி முழுதும் நின்றபின் குச்சியால் குத்துங்கள். ரப்பர்தானே என்று நினைக்க வேண்டாம், விரலை அதுவும் உடைக்கும். கராஜ் கதவை மூடிக்கொண்டு ஸ்டார்ட் செய்யாதீர்கள். காதுக்கும் ஏதாவது மாட்டிக்கொள்ளுங்கள். இந்த எஞ்சின் கத்தும்.

உங்கள் விஷயத்தில் நான் செய்வது இதுதான். இந்தச் சனிக்கிழமை காலை, அவர் மெஷினைத் தொடுமுன், ஒரு வெள்ளைத் தாளும் டார்ச்சும் பிளக் கழற்றும் சாவியும் எடுத்துக்கொண்டு போங்கள். போனதும் மெஷினைப் பார்க்குமுன் கேனைக் காட்டச் சொல்லுங்கள். கேன் சரியாக இருந்து, கயிறு எதிர்த்து நின்றால், 170 என்று ஆரம்பியுங்கள். அந்தக் கேனையும் சேர்த்துத் தரச் சொல்லுங்கள்.